பச்சிளங்குழந்தைக்கு வலி மருந்து: டயபரை எடை போடும் இடத்தில் மட்டும்

எங்கள் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்து அலமாரியில் இப்யூபுரூஃபென் சிரப் பாட்டில் ஒன்று இருக்கும். மெடிக்கலில் போய்க் கேட்டால் கிடைக்கிற அதே சிரப். மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மூடியில் அளந்து கொடுக்கிறார்களே, அதுதான். அதிலிருந்து 900 கிராம் எடையுள்ள ஒரு குறைமாதக் குழந்தைக்கு, இதயத்துக்கு மேலே மூடாமல் நிற்கும் ஒரு ரத்தக் குழாயை மூட, முதல் நாள் 0.45 மில்லி எடுப்போம். ஒரு மில்லி சிரிஞ்சில் இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்த்து, இரண்டு நர்சுகள் சரிபார்த்து, டாக்டரின் கையெழுத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குழாய் வழியாக அது வயிற்றுக்குள் போகும். அப்புறம் அடுத்த சில நாட்களுக்கு அந்தக் குழந்தையிடமிருந்து எடுக்கும் ஒவ்வொரு டயபரையும் தராசில் வைத்து எடை போடுவோம்.

"ஏன் சிஸ்டர், சாதாரண காய்ச்சல் சிரப்தானே? இதுக்கு எதுக்கு இவ்வளவு பாக்கறீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வார்டில் நின்றுகொண்டு இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இதற்கு இல்லை. முழு பதிலை இங்கே எழுதுகிறேன்.

இப்யூபுரூஃபென், இண்டோமெத்தசின், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம், நிமெசுலைடு, ஆஸ்பிரின் எல்லாமே ஒரே குடும்பம். வீக்கத்தையும் வலியையும் குறைக்கிற மருந்துகள். 1971-இல் இங்கிலாந்தில் ஜான் வேன் என்ற ஆராய்ச்சியாளர், ஆஸ்பிரின் போன்றவை உடம்பில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன, அதனால்தான் வலி குறைகிறது என்று காட்டினார். 1982-இல் அவருக்கும், புராஸ்டாகிளாண்டின் ஆராய்ச்சியில் முன்னோடிகளான பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்குப் புராஸ்டாகிளாண்டின் என்றால் பெரும்பாலும் வலி, வீக்கம், காய்ச்சல். கொஞ்சம் குறைந்தால் நிம்மதி. பிறந்த குழந்தைக்கு அது வேறு பல வேலைகளையும் பார்க்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் போக அது வேண்டும். குடலின் உள்சுவரைக் காக்க அது வேண்டும். வயிற்றில் இருக்கும்போது இதயத்துக்கு மேலே இருக்கும் ஒரு ரத்தக் குழாய் திறந்தே இருப்பதும் அதனால்தான். வலியைக் குறைக்கும் மருந்து இந்த எல்லா இடத்துக்கும் போகும். இங்கே வேலை செய், அங்கே செய்யாதே என்று அதற்கு யாராலும் சொல்ல முடியாது.

அந்த ரத்தக் குழாயின் பெயர் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ். கருவில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை, அதற்கு வேண்டிய ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. அதனால் நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதியை இந்த டக்டஸ் நேராக மகாதமனிக்குத் திருப்பிவிடுகிறது. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது, நஞ்சுக்கொடியிலிருந்து வந்த புராஸ்டாகிளாண்டினும் நின்றுபோகிறது. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு இரண்டு மூன்று நாளில் டக்டஸ் தானாக மூடிக்கொள்ளும். 26, 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்குப் பல நேரம் மூடாது. அப்போது ரத்தம் எதிர்த்திசையில், மகாதமனியிலிருந்து நுரையீரலுக்குப் பாய ஆரம்பிக்கிறது. நுரையீரலில் ரத்தம் அதிகமாகித் திணறும், குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் குறையும். வென்டிலேட்டரை விட்டு எடுக்க முடியாமல் இழுத்துக்கொண்டே போகும். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் "பிடிஏ" என்று சொல்வது இதைத்தான். பாட்டிமார்கள் பலரும் அதை "இதயத்துல ஓட்டை" என்று புரிந்துகொண்டு அழுவார்கள். ஓட்டை இல்லை பாட்டி, மூட வேண்டிய குழாய் இன்னும் மூடவில்லை என்று உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும்.

1973-இல் கனடாவின் டொரொன்டோவில் கொச்சானி, ஓலி என்ற இருவர், ஆட்டின் கருவிலிருந்து எடுத்த டக்டஸ் புராஸ்டாகிளாண்டின் பட்டால் தளர்ந்து விரிகிறது என்று கண்டார்கள். அப்படியானால் அதைத் தடுக்கிற மருந்து கொடுத்தால் மூட வேண்டுமே? 1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இரண்டு குழுக்கள், ஃப்ரீட்மன் தலைமையில் ஒன்றும் ஹேமன், ருடால்ஃப் இருந்த இன்னொன்றும், இண்டோமெத்தசின் கொடுத்துக் குறைமாதக் குழந்தைகளின் டக்டஸை மூடியதை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளியிட்டன. அதற்கு முன்பு நெஞ்சைத் திறந்து அந்தக் குழாயைக் கட்டுவதுதான் வழி. ஒரு கிலோகூட இல்லாத குழந்தைக்கு நெஞ்சைத் திறப்பது என்றால் என்ன என்று அறுவை அரங்கில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு மருந்தால் அந்த வேலை முடிகிறது என்றபோது அந்தக் காலத்து டாக்டர்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்! ஆனால் மருந்து கொடுத்த குழந்தைகளுக்குச் சிறுநீர் குறைவதும் கூடவே தெரிய வந்தது.

பக்கவிளைவுகளில் நான் அதிக நேரம் செலவழிப்பது சிறுநீரோடுதான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கருவில் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் 34 முதல் 36 வாரம் வரை புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். 27 வாரத்தில் வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. இருக்கிற வடிகட்டிகளுக்கும் ரத்தம் சுலபமாகப் போவதில்லை, ஏனென்றால் பிறந்த குழந்தையின் உடம்பில் ரத்தக் குழாய்களை இறுக்குகிற சுரப்புகள் தூக்கலாக இருக்கும். வடிகட்டிக்குள் நுழைகிற சின்னக் குழாயை விரித்து வைத்திருப்பது புராஸ்டாகிளாண்டின்தான். வாய்க்கால் தலைப்பில் மதகைத் தூக்கிப் பிடித்திருக்கும் கை மாதிரி. இப்யூபுரூஃபென் கொடுத்தால் அந்தக் கை விடுபடுகிறது. சிறுநீர் குறைகிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுகிறது, உடம்பில் நீர் தேங்கி ரத்தத்தில் சோடியம் இறங்குகிறது.

இன்னொன்று, மருந்து உடம்பை விட்டு வெளியேறும் வேகம். நம் உடம்பில் இப்யூபுரூஃபென் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம் போதும். பிறந்து சில நாளே ஆன குறைமாதக் குழந்தைக்கு அதற்கு ஒரு நாளைத் தாண்டியும் ஆகலாம். அதனால்தான் நமக்கு ஆறு மணி, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மருந்தை அங்கே 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோம். வழக்கமான கணக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அடுத்த இரண்டு நாள் ஐந்து ஐந்து. வீட்டில் பெரிய பிள்ளைக்குக் கொடுக்கிற இடைவெளியில் இதைப் பச்சிளங்குழந்தைக்குக் கொடுத்தால், முதல் வேளை மருந்து கரையும் முன்பே அதன் மேல் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று என்று சேர்ந்துகொண்டே போகும்.

சரி, டயபர். ஒரு குழந்தை மணிக்கு, கிலோ ஒன்றுக்கு, ஒரு மில்லியாவது சிறுநீர் கழிக்க வேண்டும். 900 கிராம் குழந்தைக்கு ஆறு மணி நேரத்தில் 5.4 மில்லி, ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல். காய்ந்த டயபரின் எடையைச் சுற்றும் முன்பே அதன் ஓரத்தில் பேனாவால் எழுதிவிடுவோம். கழற்றியதும் மறுபடி எடை. கூடின ஒவ்வொரு கிராமையும் ஒரு மில்லி என்று கணக்குப் போட்டுச் சார்ட்டில் எழுதுவோம். மலமும் கலந்திருந்தால் கணக்கு தப்பும், அதையும் குறிக்க வேண்டும். வார்மரில் கிடக்கும் குழந்தை என்றால் டயபர் சீக்கிரம் காய்ந்துவிடும், தாமதிக்காமல் எடுக்க வேண்டும். அடுத்த வேளை மருந்து கொடுக்கும் நேரத்தில் சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.6 மில்லிக்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைப்போம், சிறுநீரகம் தேறிவிட்டது என்று தெரியும்வரை. பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்தை நிறுத்தியதும் சிறுநீர் திரும்ப வந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு ஒரு டயபர் கனமாகக் கையில் வரும்போது ஏற்படுகிற சந்தோஷம் இந்த வேலை செய்பவர்களுக்குத்தான் புரியும்.

இந்தக் குழந்தைகளுக்குத் தொற்று சந்தேகத்தில் அமிகாசினோ ஜென்டாமைசினோ ஓடிக்கொண்டிருப்பதும் சகஜம். அவையும் சிறுநீரகம் வழியாகப் போகிறவை, சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. சிறுநீர் குறைந்தால் அந்த ஆன்டிபயாடிக் ரத்தத்தில் தேங்கும், காது கேட்பதையும் பாதிக்கலாம். ஆகவே இப்யூபுரூஃபென் ஆர்டர் வந்ததும் மற்ற மருந்துகளின் இடைவெளியைத் திரும்பப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்பது நர்சின் வேலை. நம்மிடம் யாரும் கேட்கவில்லையே என்று இருக்கக்கூடாத இடம் அது.

குடல் விஷயம் இதைவிடப் பயங்கரமானது, ஆனால் அரிது. முதல் இரண்டு வாரத்தில், மிகவும் எடை குறைந்த குழந்தைகளுக்கு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திடீரென்று ஓட்டை விழுந்துவிடும். வயிறு உப்பி, தோல் நீலம் பாரித்துத் தெரியும். எக்ஸ்ரேயில் குடலுக்கு வெளியே காற்று நிற்கும். ஸ்டீராய்டும் இண்டோமெத்தசினும் ஒரே சமயத்தில் போனால் இந்த ஆபத்து கூடுகிறது. அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வை, இண்டோமெத்தசினும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளுக்குக் குடல் ஓட்டை அதிகமானதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதன் முடிவு 2004-இல் வெளிவந்தது. அதனால்தான் மருந்து போகும் நாட்களில் தொப்புளுக்கு மேலாக டேப்பைச் சுற்றி வயிற்றை அளப்பதும், குழாயில் இழுத்துப் பார்க்கும்போது பால் வருகிறதா, பச்சையா, காபித்தூள் நிறமா என்று பார்ப்பதும். காபித்தூள் நிறம் என்றால் இரைப்பையில் ரத்தம் கசிந்திருக்கிறது.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் சரியாக ஒட்டாமல் போவது இந்த மருந்துகளின் பொதுக்குணம். பிளேட்லெட் ஏற்கனவே குறைவாக இருக்கிற குழந்தைக்கும், ரத்தம் கசிந்துகொண்டிருக்கிற குழந்தைக்கும் அதனால் கொடுப்பதில்லை. மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தாலும் யோசிப்பார்கள். ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளைப் பிடித்து வைத்திருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தில் இப்யூபுரூஃபெனும் இடம் கேட்கும். நுரையீரல் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறிக் குழந்தை நீலமான மூன்று நிகழ்வுகளை 2002-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். டக்டஸ் திறந்தே நின்றுவிடாமல் இருக்க முன்கூட்டியே இப்யூபுரூஃபென் கொடுத்த ஆய்வு அது, அதோடு நிறுத்தப்பட்டது.

எக்கோ எடுக்காமல் இந்த மருந்தைத் தொடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு, அதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். நுரையீரலுக்கோ உடம்புக்கோ ரத்தம் போக அந்த டக்டஸ் ஒன்றுதான் வழியாக இருக்கும். அவர்களுக்கு டக்டஸ் மூடினால் உயிர் போகும். அப்படிப்பட்ட குழந்தைக்குப் புராஸ்டாகிளாண்டினையே சொட்டுச் சொட்டாக ஏற்றி அதைத் திறந்து வைத்திருந்து, அறுவை சிகிச்சை செய்யும் ஊருக்கு அனுப்புகிறோம். ஒரே வார்டில் ஒரு குழந்தைக்கு மூட மருந்து, பக்கத்துக் குழந்தைக்குத் திறக்க மருந்து.

இண்டோமெத்தசினைவிட இப்யூபுரூஃபென் சிறுநீரகத்துக்கு இதமானது என்று 2000-இல் பெல்ஜியத்தில் நடந்த ஆய்வு காட்டியது. டக்டஸ் மூடியது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 66-உம் 70-உம் சதவீதம். ஒவ்வொரு குழுவிலும் இருந்த 74 குழந்தைகளில் சிறுநீர் மிகவும் குறைந்தது இண்டோமெத்தசினில் 14 பேருக்கு, இப்யூபுரூஃபெனில் ஐந்து பேருக்கு. பாராசிட்டமாலும் டக்டஸை மூடும் என்று 2011-இல் இஸ்ரேலிலிருந்து எழுதினார்கள். சிறுநீர் குறைந்த குழந்தைக்கு இப்போது பல இடங்களில் அதைத்தான் முதலில் நினைக்கிறார்கள்.

ஆனால் இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறு. டக்டஸ் மூடினால் குழந்தை நன்றாகிவிடும் என்றுதானே எல்லோரும் நம்பினோம்? 2001-இல் வெளிவந்த டிப் என்ற ஆய்வில், ஒரு கிலோவுக்கும் குறைவான 1,202 குழந்தைகளில் பாதிப்பேருக்குப் பிறந்தவுடனே இண்டோமெத்தசின் கொடுத்தார்கள். டக்டஸ் திறந்திருப்பது பாதியாகக் குறைந்தது. மூளையில் கடுமையான ரத்தக்கசிவு 13 சதவீதத்திலிருந்து 9-ஆக இறங்கியது. ஒன்றரை வயதில் திரும்பப் பார்த்தபோது, இறந்த அல்லது பெரிய குறைபாடு வந்த குழந்தைகள் 47 சதவீதம், வெற்று மருந்து பெற்ற குழுவில் 46. வித்தியாசமே இல்லை.

அதற்குப் பிறகு 2023-இல் நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது. 28 வாரத்துக்கு முன் பிறந்த 273 குழந்தைகளில் ஒரு பாதிக்கு உடனே இப்யூபுரூஃபென், மறுபாதியை மருந்து கொடுக்காமல் கவனித்துக் காத்திருப்பது. குடல் அழற்சி, நாள்பட்ட நுரையீரல் நோய், மரணம் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது இப்யூபுரூஃபென் குழுவில் 64 சதவீதம் பேருக்கு, காத்திருந்த குழுவில் 46 சதவீதம் பேருக்கு. 2024-இல் பிரிட்டனில் 653 குழந்தைகளை வைத்து, டக்டஸ் பெரிதாக இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்விலும் இப்யூபுரூஃபென் கொடுத்ததால் லாபம் எதுவும் தெரியவில்லை. இந்த மருந்தால் யாருக்கும் பயனில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. வென்டிலேட்டரில் திணறுகிற, எக்கோவில் இதயம் வீங்கித் தெரிகிற குழந்தைக்கு அது கைகொடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எக்கோவில் குழாய் திறந்திருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லோருக்கும் ஊற்றுகிற காலம் போய்விட்டது, போனது நல்லது என்றே நினைக்கிறேன். ஐம்பது வருஷம் பழகின ஒரு வைத்தியத்தை மருத்துவர்கள் தாங்களே திரும்பச் சோதித்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதும் சிகிச்சைதான் என்று ஒப்புக்கொள்வது எளிதல்ல.

இனி வீட்டு விஷயம். பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளான ஒரு குழந்தையைச் சுருண்ட நிலையில் கொண்டுவந்தார்கள். உடம்பு சுட்டிருக்கிறது. அத்தை மெடிக்கலில் சொல்லி ஒரு காய்ச்சல் சிரப் வாங்கி வந்திருக்கிறார். இப்யூபுரூஃபெனும் பாராசிட்டமாலும் கலந்தது. இரண்டு நாள் வேளை தவறாமல் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கியது, குழந்தை பால் குடிப்பதும் இறங்கியது. "ஒண்ணுக்கே போகல சிஸ்டர், நேத்துலேர்ந்து துணி நனையவே இல்ல" என்றார் அம்மா. ரத்தத்தில் தொற்று, அதன் மேல் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. அந்தக் குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போனது. அத்தை பாசத்தில்தான் செய்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை நாள் குழந்தை என்று சொல்லிக் கேட்ட பிறகும் கடையில் எடுத்துக் கொடுத்தவர்மேல் எனக்குக் கோபம் உண்டு.

முதல் 28 நாளில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் அது சிரப் கொடுத்துப் பார்க்கிற காய்ச்சல் அல்ல. நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், ராத்திரியானாலும் சரி. மூன்று மாதத்துக்குள் டாக்டர் சொல்லாமல் இப்யூபுரூஃபென் வேண்டாம், பல நாடுகளில் ஆறு மாதம் என்றே போட்டிருக்கிறார்கள். மெஃபெனமிக் அமிலமும் அப்படித்தான். நிமெசுலைடை 12 வயதுக்குட்பட்ட யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2011-இலேயே தடை செய்துவிட்டது. பாராசிட்டமாலும் எடைக்குத் தகுந்த அளவுதான். இதில் ஒரு குழி இருக்கிறது: சொட்டு மருந்தாக வருவதில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125 தான். நாலு மடங்கு வித்தியாசம். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

அப்படியானால் குழந்தை வலியைத் தாங்கிக்கொள்ள வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். 1980-கள் வரை பிறந்த குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்று நம்பி, மயக்க மருந்தைக் குறைத்தே அறுவை சிகிச்சை செய்தார்கள். 1987-இல் ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் வெளியிட்ட ஆய்வுகள்தான் அந்த எண்ணத்தை உடைத்தன. இன்று குதிகாலில் ஊசி குத்தும்போது அம்மாவின் மார்போடு தோலோடு தோலாக வைத்துக்கொள்வதும், பால் குடிக்கும்போதே குத்துவதும், நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் விடுவதும் வலியைக் குறைக்கின்றன. பெரிய வலி என்றால் மார்ஃபின், ஃபென்டனில் போன்றவற்றைக் கண்காணிப்போடு கொடுக்கிறார்கள்.

கர்ப்பிணிகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீர் பிற்பாதியில் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். இடுப்பு வலிக்கு அம்மா போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் சிறுநீரகத்தைத் தொடும். "ஸ்கேன்ல தண்ணி கம்மியா இருக்கு" என்று வருகிறவர்களிடம் என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்பது அதனால்தான். மாத்திரையை நிறுத்தினால் நீர் பெரும்பாலும் திரும்பக் கூடும். முன்பு 30 வாரத்துக்குப் பிறகு வேண்டாம் என்றிருந்தது, காரணம் டக்டஸ் கருவிலேயே மூடிக்கொள்ளும் ஆபத்து. 2020 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 20 வாரத்திலிருந்தே தவிர்க்கச் சொன்னது. பிரசவ வலியைத் தள்ளிப்போட அம்மாவுக்கு நிமெசுலைடு கொடுத்து, பிறந்த குழந்தையின் சிறுநீரகம் முழுவதும் செயலிழந்ததை 1999-இல் இத்தாலியிலிருந்து லான்செட்டில் பதிவு செய்திருக்கிறார்கள். ரத்தக் கொதிப்பு வராமல் இருக்க டாக்டர் எழுதிக் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் இந்தக் கணக்கில் வராது. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.

பிரசவமான பிறகு நிலைமை வேறு. சிசேரியன் ஆன அம்மாக்கள், பாலில் போய்விடுமே என்று பயந்து வலி மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துவிட்டு வலியோடு படுத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் தாய்ப்பாலில் மிகச் சொற்பமாகவே கலக்கின்றன, மாதம் நிறைந்து பிறந்த நல்ல குழந்தைக்கு அதனால் கெடுதல் வராது. வலி இருந்தால் சரியாகச் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க முடியாது, பாலும் குறையும். உங்கள் குழந்தை எங்களிடம் இங்குபேட்டரில் இருந்தால் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மற்றபடி எழுதிக் கொடுத்ததை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள் அம்மா.